பட்டியலில் இல்லாதவள்

சென்ற மே மாதம் ஆசிரியைகளுக்கான ஒரு தியானக் கூடுகையில் பேச அழைத்திருந்தார்கள். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள், போதாக்குறைக்கு ஒரு டீச்சரின் மகள் என்பதால் யாருக்கோ என் பெயர் நினைவுக்கு வந்திருக்கிறது. கொடுத்த தலைப்பு 'களைத்துப்போன ஆசிரியைக்குக் கர்த்தர் தரும் இளைப்பாறுதல்'. முப்பது நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணிக்கு.

அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். உதவிபெறும் தொடக்கப்பள்ளி டீச்சர்கள், மெட்ரிகுலேஷன் பள்ளி டீச்சர்கள், முன்வரிசையில் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியைகள் இருவர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மின்விசிறிகள் சூட்டையே சுற்றிச் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தன. நான் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தூங்கிப்போனாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம். முன்பெஞ்சின் மேல் கைப்பையை வைத்து, அதில் கன்னத்தைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தைகள் தூங்குவதுபோல அப்படியே தூங்கினாள். ஏற்பாட்டாளர் அம்மா சத்தமில்லாமல் நடந்துபோய் அவள் தோளைத் தட்டினார். "டீச்சர், செய்தி நடக்குது." அவள் பதறி எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தாள்.

நான் பேச்சை நிறுத்தவில்லை. 'அவங்க தூங்கட்டும், விடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. இளைப்பாறுதலைப் பற்றிப் பேசுவதற்காக, இளைப்பாறிக்கொண்டிருந்த ஒருத்தியை எழுப்ப விட்டேன்.

அன்று நான் பேசியது எல்லோரும் பேசுவதுதான். பாரம் சுமக்கிறவர்களைக் கிட்டே வரச் சொல்லும் மத்தேயு 11ஆம் அதிகாரத்து வசனம், பாரத்தை அவர் பாதத்தில் இறக்கி வைப்பது, வெளியே எத்தனை இரைச்சல் இருந்தாலும் உள்ளே அமைதி காப்பது. நான்கைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. முடிந்ததும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி டீச்சர் எழுந்து கேட்டார்: "மேடம், நல்லா இருந்தது. இதையே எங்க கரஸ்பான்டன்ட்கிட்ட யாராவது பேசுவாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஏற்பாட்டாளர் அம்மா முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

என் அம்மா கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். எங்களுடையது சி.எஸ்.ஐ. குடும்பம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஓய்வுநாள். அப்பா அதில் கண்டிப்பானவர். "ஓய்வுநாளாக்கும், துணி துவைக்கப்படாது" என்பார். அதனால் அம்மா சனிக்கிழமையே இரண்டு நாள் துணியையும் துவைத்துவிடுவார். ஞாயிறு காலை நாலரைக்கு எழுந்தால், எட்டு மணிக்கு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். பிறகு ஆராதனை. ஆராதனை முடிந்து கூடவே வரும் சொந்தக்காரர்களுக்கு இறைச்சிக்கறியும் சோறும். மத்தியானம் பெண்கள் சங்கத்தோடு நோயாளி வீடுகளைப் பார்த்து ஜெபம். இருட்டிய பிறகு திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பு. அப்பா சாய்வுநாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருப்பார், நெஞ்சின்மேல் செய்தித்தாள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. வாரம் முழுவதும் உழைத்தவர்தான். ஓய்வுநாளைக் கடவுள் அவருக்கென்றே கொடுத்திருக்கிறார் என்று அவர் நம்பினார், அவ்வளவுதான்.

திடப்படுத்தலுக்கு முந்தைய வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். ஓய்வுநாள் கட்டளைதான் நீளம், அதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் அந்தக் கட்டளை ஒரு பட்டியலே போடுகிறது. அந்த நாளில் யார் யார் வேலை செய்யக் கூடாது? நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, உன் வாசலுக்குள் தங்கியிருக்கும் வெளியூர்க்காரன். மாட்டைக்கூட மறக்காத பட்டியல். விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது ஒரு விரல் மிச்சம் நின்றது. மனைவி இல்லை.

போதகரிடம் கேட்டேன். "ஐயா, இதில அம்மா எங்க?" அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "'நீ' என்கிறதுக்குள்ள அப்பாவும் அம்மாவும் அடக்கம்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "பேரு இருந்தா மட்டும் யாரு விடப்போறா மக்களே. வேலைக்காரி பேரு இருக்குல்லா, நம்ம வீட்டுக்கு வாற அக்காளுக்கு ஞாயிறு லீவா?"

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், எபிரேய மூலத்தில் அந்த 'நீ' ஆண்பால் ஒருமை. பெண்ணிய வேத ஆய்வாளர்களிடையே இதைப் பற்றி இரு பக்கமும் வாதம் உண்டு. மகளும் வேலைக்காரியும் ஓய்ந்திருக்கும்போது வீட்டுத் தலைவி மட்டும் உழைக்கச் சொல்லியிருக்க முடியாது, ஆகவே அவளும் 'நீ'க்குள் இருக்கிறாள் என்பார்கள் சிலர். சிலருக்கு, அவள் செய்தது வேலை என்றே யாரும் எண்ணவில்லை, அதனால்தான் விட்டுப்போயிற்று. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. அதே புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் மன்னா விழும்போது, ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்துச் சுட்டும் வேகவைத்தும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், ஏழாம் நாளில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்பதற்காக. அந்த இரண்டு மடங்கை யார் சுட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சனிக்கிழமைத் துணி அது.

தமிழ் வாத்தியார் புத்தி, ஒரு சொல் கிடைத்தால் அதைத் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டேன். 'ஓய்தல்' என்றால் நிற்பது. மழை ஓய்ந்தது என்கிறோம். சாபாத் என்ற எபிரேயச் சொல்லின் வேருக்கும் நிறுத்துதல் என்றே பொருள். ஆனால் நம் பெண்கள் வாயில் அந்தச் சொல் வருவது வேறு இடத்தில்: "ஓய்ஞ்சு போனேன்." நிறுத்தியதால் வரும் ஓய்வும், நிறுத்த முடியாமல் உடம்பே நின்றுபோகும் ஓய்ச்சலும் ஒரே வேரில் கிடக்கின்றன. 'இளைப்பாறுதல்' அதைவிட நல்ல சொல். இளைப்பு ஆறவேண்டும். காய்ச்சிய பால் ஆறுவதுபோல, புண் ஆறுவதுபோல. எதுவும் ஆறுவதற்கு அடுப்பிலிருந்து இறக்க வேண்டும். கொதிக்கிற பாலிடம் 'உள்ளுக்குள் அமைதியாய் இரு' என்று சொல்லி ஆறவைக்க முடியாது.

இன்னொரு சொல் 'ஊழியம்'. சபைக்குள் இதைவிட உயர்ந்த சொல் இல்லை. போதகர் செய்வது ஊழியம், பாடகர் குழு செய்வது ஊழியம், கிறிஸ்தவப் பள்ளியில் பாடம் நடத்துவதும் ஊழியம் என்று ஆண்டு விழாவில் சொல்வார்கள். ஆனால் என் மாவட்டம் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே ஊழியம் என்றால் அரசுக்கும் கோயிலுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதியார் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய வேலை. சுமை சுமப்பது, கட்டுமான வேலைக்குப் போவது, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன்காரர்கள் மயிலாடி வட்டாரத்தில் சபை கட்டியபோது, ஞானஸ்நானம் பெற்றவர்கள் முதலில் முட்டிக்கொண்டது இந்த ஊழியத்தோடுதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர வேண்டும், அன்றுதான் ஊழியத்துக்கும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். மிஷனரிகள் மனு எழுதினார்கள். கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு அழைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

இந்த வரலாற்றை ஊரில் யாரிடம் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பெருமைப்படுகிறேன். வாரத்தில் ஒருநாள் தன் உடம்பு தன்னுடையது என்று எங்கள் முன்னோர் முதல்முதலாக எழுத்தில் வாங்கிய உரிமை அது. ஆனால் அந்த உத்தரவு யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். சுமை தூக்கிக் களைத்தவனுக்கு 'மனதில் இளைப்பாறு' என்று கடிதம் எழுதவில்லை. அவனை வேலைக்கு இழுத்துப் போகிற அதிகாரிக்கு 'இழுக்காதே' என்று எழுதினார்கள்.

கட்டளையும் அப்படித்தான் இருக்கிறது. நாற்பதுகளில் திரும்பப் படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. அந்தப் பட்டியலின் 'நீ' யார்? மகன், மகள், வேலையாட்கள், மாடு, வாசல் எல்லாம் உடையவன். அடுத்தவரை வேலை வாங்கக்கூடியவன். அவனைப் பார்த்துத்தான் 'நிறுத்து' என்கிறது கட்டளை. உபாகமம் 5ஆம் அதிகாரம் இதையே மறுபடி சொல்லும்போது காரணமும் கொடுக்கிறது: உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாகக் கிடந்தவன்தானே, மறந்துவிடாதே. களைத்தவளுக்கு ஆறுதல் சொல்லும் வசனமாக இதை நாம் மாற்றியிருக்கிறோம். உத்தரவை முகவரி மாற்றி அனுப்பியிருக்கிறோம்.

அதே யாத்திராகமத்தின் 5ஆம் அதிகாரத்தில் பார்வோன் வருகிறான். வழிபாட்டுக்குப் போக மூன்று நாள் விடு என்று கேட்டதற்கு, இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் விடுப்புக் கேட்கிறார்கள் என்று சொல்லி, செங்கலுக்கு வேண்டிய வைக்கோலை இனிமேல் கொடுக்காதே, அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்கிறான். எந்த டீச்சரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். வைக்கோல் எது, செங்கல் எது என்று அவரே சொல்வார். எமிஸ் செயலியில் பதிவு, சத்துணவுக் கணக்கு, இலவசப் பொருள் விநியோகம், வாட்ஸப்பில் இரவு பத்து மணிக்கு வரும் சுற்றறிக்கை, இவ்வளவுக்கும் நடுவில் தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது.

பள்ளி வருடம் ஏப்ரலில் முடிகிறது என்பது பிள்ளைகளைப் பொறுத்தவரை உண்மை. டீச்சருக்கு அப்போது விடைத்தாள் திருத்தும் முகாம். தேர்தல் வருகிற வருடமென்றால் வாக்குச்சாவடி, 2024இல் ஏப்ரல் 19ஆம் தேதி வெயிலில் உட்கார்ந்ததுபோல. தனியார் பள்ளி டீச்சருக்கு இன்னும் மோசம். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து அட்மிஷன் பிடிக்க வேண்டும், இத்தனை பிள்ளைகள் என்று கணக்கு உண்டு. சபையில் இருப்பவர்களுக்கு மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. பத்து நாள், நாலு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை, பாட்டு, கைவேலை, மனப்பாட வசனம், கடைசி நாள் ஊர்வலம். 'டீச்சர் லீவுலதானே இருக்கீங்க' என்று கேட்டுப் பெயர் எழுதிக்கொள்வார்கள். சம்பளமில்லாத இந்தப் பத்து நாள் வேலைக்கும் ஊழியம் என்றுதான் பெயர். அந்தச் சொல் சுற்றிச் சுற்றிப் பழைய பொருளுக்கே வந்து நிற்பதைக் கவனித்தீர்களா?

விடுமுறை கிடைத்தாலும் அது பட்டினியாக வருகிற டீச்சர்களும் இருக்கிறார்கள். 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது மே மாதத்துக்கு ஊதியம் வைக்கவில்லை. பதினோரு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். அவர்கள் வருடக்கணக்காகப் போராடிய கோரிக்கைகளில் அந்த மே மாதமும் ஒன்று. சம்பளம் இல்லாத ஓய்வை ஓய்வென்று எப்படிச் சொல்வது? வேலை இல்லை என்று சொல்லலாம்.

பிறகு வீடு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது 299 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இது பள்ளி நாளா விடுமுறை நாளா என்று பார்க்காத சராசரி. விடுமுறையில் பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில், சொந்தக்காரர்கள் வருகை, வற்றல், வடகம், ஊறுகாய். டீச்சர் பள்ளிக்கூடம் திறக்கக் காத்திருப்பது இதனால்தான் என்று என் அம்மா வேடிக்கையாகச் சொல்வார். "பள்ளிக்கூடத்தில இன்டர்வெல் பெல்லாவது அடிப்பாவ."

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை செய்ய வேண்டியிருந்ததை எதிர்த்துப் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக வாங்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகளுக்கு அந்தச் சட்டத் திருத்தம் வந்தது. முதலாளி நாற்காலி போட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நாற்காலி போடாமல் கால்வலிக்குத் தியானம் சொல்லிக்கொடு என்று எழுதவில்லை. சில தனியார் பள்ளிகளில் வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலியே கிடையாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்தால் பாடம் நடக்காதாம்.

இவ்வளவு எழுதிய பிறகு எனக்கே ஒரு உறுத்தல். உள்ளத்தின் இளைப்பாறுதல் என்பதெல்லாம் ஏமாற்று என்று சொல்கிறேனா? அப்படிச் சொன்னால் என் அம்மாவின் நாலரை மணியை நான் பொய்யாக்கிவிடுவேன்.

தினமும் விடிவதற்கு முன் அம்மா அடுக்களையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபிப்பார். அரைமணி நேரம். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது, அப்பாவும் கூப்பிட மாட்டார். நானோ தம்பியோ எழுந்து போனால், அம்மாவின் முகம் வேறு யாருடையதோபோல இருக்கும். அது நாங்கள் பகலில் பார்க்காத முகம், அதில் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. அவர் அந்த அரைமணி நேரத்தை வைத்துத்தான் முப்பத்து மூன்று வருடத்தை ஓட்டினார். இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஜெபம் என்று பெயர் இருந்ததால்தான் அந்த அரைமணி அவருக்குக் கிடைத்தது. கையில் ஒரு நாவலோடு உட்கார்ந்திருந்தால் இரண்டாம் நாளே வீடு அவரைக் கூப்பிட்டிருக்கும். சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். அந்த வீட்டில் ஒரு பெண் உள்ளேபோய்ச் சாத்திக்கொள்ள இருந்த ஒரே கதவு கடவுள்.

ஆகவே கடவுள்மேல் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு, ஓய்வில்லாமல் இருந்த பெண்களைக் காட்டி மற்றப் பெண்களை ஓட்டுகிறவர்கள்மேல்தான். சிறுவயதில் எங்களுக்கு அடிக்கடி சொன்ன கதை டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாருடையது. அயர்லாந்தில் பிறந்தவர், 1895இல் இந்தியா வந்தார், 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட விடுப்பில் தாய்நாடு திரும்பவில்லை. ஐம்பத்தைந்து வருடம். எத்தனையோ பெண்குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தவர், அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவர்கள் குரல் உயர்வது குழந்தைகளைக் காப்பாற்றிய இடத்தில் அல்ல, 'ஒருமுறைகூட விடுப்பு எடுக்கவில்லை' என்ற இடத்தில். 1931இல் குழியில் விழுந்து அடிபட்ட பிறகு, கடைசி இருபது வருடத்தில் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார் என்பதையும் சொல்வார்கள், அங்கேயும் எத்தனை புத்தகம் எழுதினார் என்று சேர்த்து. கேட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் நாங்கள், படுக்கையில் விழுந்தால்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டோம்.

இனி என் பங்கு.

என் வீட்டில் வேலைக்கு ஓர் அக்கா வருகிறார். ஆறு வருடமாக. பாத்திரம், பெருக்குவது, துடைப்பது. அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை, என் கவிதைகளில் பாதி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டார். "வேற ஏதாவது நாள் எடுத்துக்கோங்களேன் அக்கா" என்றேன். ஞாயிறுதான் வீட்டில் எல்லோரும் இருக்கும் நாள், பாத்திரம் குவியும் நாள், நான் எழுத உட்காரும் நாள். புதன்கிழமை கொடுத்தேன். பெருந்தன்மையாகக் கொடுத்ததாகவே நினைத்தேன். அவருடைய பிள்ளைகளுக்கு லீவு ஞாயிறு என்பதை நான் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை.

பட்டியலில் மனைவி இல்லை என்று பதிமூன்று வயதில் கண்டுபிடித்தவள் நான். வேலைக்காரி இருக்கிறாள் என்று அம்மா அன்றைக்கே சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த 'நீ' இப்போது யார்? வாசல் என்னுடையது, சம்பளக் கவர் என் கையில் இருக்கிறது. ஆண்பால் ஒருமையாக இருந்தாலும் அந்த விகுதி என்னைத்தான் பிடிக்கிறது.

கூடுகை முடிந்து வந்த வாரம் ஞாயிறு லீவைக் கொடுத்தேன், சம்பளத்தில் பிடிக்காமல். இதை ஒரு சாதனையாகச் சொல்ல வரவில்லை. முதல் நான்கு ஞாயிறும் எங்கள் வீட்டில் சண்டை. பாத்திரம் யார் கழுவுவது என்று கணவரும் மகனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி சாயங்காலம்வரை தொட்டியை அப்படியே போட்டிருந்தோம். நான் ஒரு வரி எழுதவில்லை. எரிச்சல் வந்தது, கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓய்வு வானத்திலிருந்து விழுவதில்லை, யாரோ ஒருவர் கையிலிருந்து எதையோ விட வேண்டியிருக்கிறது என்பது புத்தியில் தெரிவது வேறு, தொட்டிமுன் நின்று தெரிவது வேறு. ஐந்தாவது வாரம் மகன் சொல்லாமலே கழுவினான். அதற்கடுத்த வாரம் கழுவவில்லை. இப்படித்தான் போகிறது.

"ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சீங்க அக்கா?" என்று ஆசையோடு கேட்டேன். "எங்க வீட்டுத் துணியெல்லாம் துவைச்சேன் டீச்சர்" என்றார்.

ராஜாக்களின் முதல் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் எலியா வருகிறார். ஓடிக் களைத்து, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், சாகவேண்டும் என்கிறார். தூங்கிப்போகிறார். ஒரு தூதன் வருகிறான். நம்பிக்கை இழக்காதே என்று உபதேசம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். பார்த்தால் தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறார். தூதன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறையும் சாப்பாட்டோடுதான் எழுப்புகிறான், வழி தூரம் என்கிறான். கடவுளோடு பேச்சு, கேள்வி பதில் எல்லாம் பல நாள் கழித்து, மலையில். முதலில் தூக்கம், பிறகு சாப்பாடு, மறுபடி தூக்கம். பேச வேண்டியவர்கள் கடைசியில் வந்தால் போதும்.

அம்மா பணி ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து ஒருநாள் கேட்டேன்: "நாலரை மணிக்கு எழும்பி என்னம்மா ஜெபம் பண்ணுவீங்க? அரைமணி நேரமும் பேசறதுக்கு அப்படி என்ன இருந்தது?" அம்மா யாராவது கேட்கிறார்களா என்று ஹாலை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாதி நாளு உக்காந்தபடி தூங்குவேன் மக்களே. கர்த்தர் ஒண்ணும் சொல்லல்ல."

இந்த மே மாதமும் அதே கூடுகைக்கு அழைத்திருக்கிறார்கள். தலைப்பு மாறவில்லை. வருகிறேன் என்று பதில் எழுதி, இரண்டு விஷயம் கேட்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிமுதல் நான்கு மணிவரை நிகழ்ச்சி எதுவும் வைக்காமல், கூடத்தில் பாயும் தலையணையும் போட்டு மின்விசிறியைச் சுற்றவிட வேண்டும். நான் பேசுவதை நான்கு மணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பேச்சுக்குத் தாளாளர்களையும் தலைமையாசிரியர்களையும் டீச்சர்களின் கணவர்களையும் அழைக்க வேண்டும். ஏற்பாட்டாளர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். பாய்க்கு ஏற்பாடு செய்துவிடலாம், எத்தனை வேண்டியிருக்கும் என்று கேட்டார். மற்றதைக் கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.